பாளையத்தில் பழகும் முறை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தலைவர் அவர்களே, சீருடையைக் களைந்து வேட்டிக்கு மாறி வந்திருக்கும் படைத்துறை அன்பர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, சமையற்கூடத்தின் பக்கமே கண்ணாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே!

சென்ற ஆண்டு இதே மேடையில் கம்பன் கவிநயம் பற்றிப் பேசினோம். சில நாட்கள் கழித்துச் செயலாளர் எங்கள் இல்லத்துக்கு வந்து, "அடுத்த ஆண்டு எல்லாருக்கும் பயன்படும்படியான பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று மிகப் பணிவாகக் கேட்டுக்கொண்டார். குறிப்பை உணர்ந்துகொண்டோம். ஆகவே இன்று கம்பனை அவன் பாட்டுக்கு விட்டுவிட்டு, நாம் குடியிருக்கும் இந்த அம்பாலாப் பாளையத்தைப் பற்றியும், இங்கே நாம் பழக வேண்டிய முறையைப் பற்றியும் சில சொற்கள் சொல்லலாம் என்று வந்திருக்கிறோம்.

கன்டோன்மென்ட் என்பதைப் பாளையம் என்று சொன்னது வேண்டுமென்றேதான். இச்சபையில் மேட்டுப்பாளையத்தார் இருக்கிறார்கள், உத்தமபாளையத்தார் இருக்கிறார்கள், கோபிச்செட்டிபாளையத்தார் இரண்டு குடும்பம். பாளையம் என்ற சொல்லுக்குப் படை தங்கும் இடம் என்பது பொருள். நம் ஊர்ப் பாளையங்களில் படை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. இங்கோ படை இன்னும் இருக்கிறது. கர்னாலில் இருந்த முகாமை மலேரியாக் காய்ச்சல் வாட்டியெடுத்ததால் அதைக் கைவிட்ட வெள்ளையர், 1843-ம் ஆண்டில் அம்பாலாவில் இப்பாளையத்தை நிறுவினர். முதல் உலகப்போர் முடிந்த கையோடு விமானங்களும் இங்கே வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து இன்றுவரை இவ்வூரின் காலையும் மாலையும் சங்கொலியாலும் விமான ஒலியாலுமே அளக்கப்பட்டு வருகின்றன.

நம்மில் சிலர் சீருடை அணிந்தவர்கள். அவர்களுக்கு எங்கே நிற்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதற்கெல்லாம் எழுதிவைத்த விதிகள் உண்டு. ஆனால் நம்மில் பலர் இரயில்வேயிலும் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும், நுண்நோக்கிகள் செய்யும் தொழிற்கூடங்களிலும் வேலை பார்த்துக்கொண்டு, பாளையத்துச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவர்கள். நமக்கு விதிநூல் இல்லை. பக்கத்து வீட்டாரைப் பார்த்தும், தவறு செய்து வெட்கப்பட்டும் கற்றுக்கொண்டதே நம் படிப்பு. எங்கள் குடும்பம் 1988-ம் ஆண்டில் இங்கே குடியேறியது. இத்தனை ஆண்டுகளில் நாங்கள் கண்டுகொண்டது ஒன்று உண்டு. பாளையத்தில் மரியாதை என்ற பெயரால் வழங்கும் ஒவ்வொரு வழக்கத்தையும் சற்றே தோண்டிப் பார்த்தால், அதன் அடியில் யாரோ ஒருவருடைய உயிர் இருக்கிறது.

வாயிலிலிருந்தே தொடங்குவோம். எங்கள் தாய்மாமன் கும்பகோணத்திலிருந்து எங்களைக் காண வந்திருந்தார். வயது எழுபத்தெட்டு, பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், யாரும் அவரைக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. கையில் பால்பவுடர் டப்பா ஒன்றில் சீடை. உறவினர் ஒருவரைப் பார்ப்பதற்காக அவரை உள்ளே அழைத்துச் சென்றபோது, வாயிலில் நின்ற கட்வால் நாட்டு இளைஞர் டப்பாவைத் திறக்கச் சொன்னார். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது உனக்கு?" என்று தமிழிலேயே கேட்டார். அந்த இளைஞருக்குச் சொல் விளங்கவில்லை, குரல் விளங்கிற்று. ஆயினும் அவர் தம் குரலை உயர்த்தவில்லை. "பாபாஜி" என்று அழைத்து, தாம் அமர்வதற்கென்று இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு, கார்டு ரூமுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு, மறுபடியும் டப்பாவைத் திறக்கச் சொன்னார்.

பிழை மாமாவினுடையதன்று, காவல் வீரருடையதும் அன்று. விருந்தாளி வருகிறார் என்பதை முன்கூட்டிச் சொல்லி, பாஸ் எழுதி வாங்கிவைத்து, "மாமா, வாயிலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், கோபிக்க வேண்டாம்" என்று வீட்டிலேயே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். சோம்பலால் செய்யவில்லை. ஒரு முதியவருக்கும் ஒரு இளைஞருக்கும் எங்களால் தலைகுனிவு.

"தினமும் பார்க்கிற முகந்தானே, இன்னுமா அடையாள அட்டை?" என்று நம்மவர் சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்கிறோம். இதே இரயில் பாதையில் வடக்கே சென்றால் பதான்கோட். 2016-ம் ஆண்டு ஜனவரி 2-ம் நாள் அங்கே விமானத்தளத்தைத் தாக்கியவர்கள், காவல்துறை உயர் அதிகாரி ஒருவருடைய வண்டியைப் பறித்துக்கொண்டு, அதிலேறியே தளத்தின் அருகு வரை வந்து சேர்ந்தவர்கள். வழியில் கண்டவர்களுக்கு அது அரசாங்க வண்டியாகத்தான் தெரிந்திருக்கும். அறிந்த வண்டியையும் அறிந்த முகத்தையும் நம்பிவிடக் கூடாது என்பதே காவல் வீரருக்கு இடப்பட்ட வேலை. அவ்வேலையை அவர் செய்யும்போது நாம் முகம் சுளித்தால், நாளடைவில் அவர் நம் முகத்துக்கு அஞ்சித் தளர்ந்துபோவார். அந்தத் தளர்ச்சியை யாரோ ஒருவன் எதிர்பார்த்திருப்பான். ஆகவே இரவில் வாயிலை அணுகும்போது முன்விளக்கைத் தாழ்த்துங்கள், வண்டிக்குள் விளக்கை ஏற்றுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், அட்டையைத் தேடிப் பையைக் குடையாமல் முன்பே கையில் வைத்திருங்கள். இருட்டில் நடந்து வரும்போது "தம்! கௌன் ஆத்தா ஹை?" என்று குரல் வந்தால் நின்ற இடத்தில் நின்று, கைகளை வெளியில் தெரியும்படி வைத்துக்கொண்டு, யாரென்று சொல்லுங்கள். "நம்ம ஆள்தான்" என்று சிரித்துக்கொண்டே நடப்பவருக்கும், துப்பாக்கி ஏந்தி நிற்பவருக்கும் நடுவே இருப்பது இருட்டு மட்டுமே.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் இந்தி கற்றது கடைத்தெருவில். ஆகவே நம் வாயில் முதலில் வந்து ஒட்டிக்கொண்ட சொல் "தும்". காய்கறிக்காரரிடமும் தும், காவல் வீரரிடமும் தும், சுபேதாரிடமும் தும்! தமிழில் அயலார் ஒருவரை "நீ" என்று அழைக்க நா கூசும் நாம், இந்தியில் அதையே செய்துகொண்டிருக்கிறோம் என்பது பல ஆண்டுகள் கழித்தே எங்களுக்கு உறைத்தது. "ஆப்" என்று சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. சுபேதாரை இளம் அதிகாரிகளே "சாஹேப்" என்றுதான் அழைக்கிறார்கள். முப்பது ஆண்டு சேவைக்குத் தரும் மரியாதை அது.

இதையொட்டி இன்னொன்று. கணவருடைய பதவியை மனைவியும், தந்தையின் பதவியைப் பிள்ளையும் அணிந்துகொள்ளும் வழக்கம் எந்த விதிநூலிலும் இல்லை. ஆயினும் ஊஞ்சலில் முதலில் யார் ஆடுவது என்பதற்குத் தோள்பட்டை நட்சத்திரங்களை எண்ணும் குழந்தைகளைக் கண்டிருக்கிறோம். இவ்விஷயத்தில் நம் சங்கம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. இங்கே பந்தியில் யாரும் பதவி பார்த்து உட்காருவதில்லை. அதே வேளையில் பிற மொழியினர் நடுவே நின்று நாம் தமிழில் பேசிச் சிரிப்பதையும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர்கள் எண்ணுவது இயல்பு. முல்லைப்பாட்டில் வரும் பாசறையிலே, யானைக்குக் கவளம் ஊட்டும் இளைஞர் வடமொழிச் சொற்களைக் கூறி அதைப் பழக்குவதாக நப்பூதனார் பாடியிருக்கிறார். அன்றைக்கே பாளையம் என்றால் பல மொழி கலந்த இடந்தான். யானைகூடப் பிறமொழி கற்றுக்கொண்டிருக்கிறது!

மாலையில் சூரியன் மறையும் வேளையில் சங்கு ஒலிக்கும், கொடி இறங்கும். கொடியின் எதிரில் இருப்பவர்கள் அதை நோக்கி அசையாமல் நிற்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் கொடி நெறிமுறையில் உள்ளது. எங்கள் இளைய மகனுக்கு ஆறு வயதிருக்கும்போது மிதிவண்டியை ஓட்டிக்கொண்டே அணிவகுப்புத் திடலின் ஓரமாகச் சென்றுகொண்டிருந்தான். சங்கொலி கேட்டதும் எதிரே வந்த பால்காரர், படைவீரர் அல்லர், சாதாரணப் பால்காரர், மிதிவண்டியிலிருந்து இறங்கி, இரு பக்கமும் குடங்கள் தொங்க அப்படியே நின்றுவிட்டார். அவரைப் பார்த்து இவனும் நின்றான். நாங்கள் பலமுறை சொல்லியும் கேளாதவன். அதன்பின் ஒருநாளும் அவனுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

விடியற்காலையில் சாலையில் ஓடும் அணிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அணியின் பின்னே சென்று ஒலிப்பானை அழுத்தாதீர்கள். நடுவே புகுந்து அணியைப் பிளக்காதீர்கள். படை நடந்து செல்லும்போது அதைக் கடக்கும் வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டலாகாது என்று 1989-ம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இருந்தது. பனிமூட்டக் காலத்தில் அந்த 25-ம் மிகுதி. டிசம்பர், ஜனவரிப் பனியில் பத்தடி முன்னால் எதுவும் தெரியாது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இனிச் சொல்லப்போவது சற்று நுட்பமானது. வாயிற்படி தாண்டிப் புறப்படுகிறவரைப் பார்த்து "எங்கே போகிறாய்?" என்று கேட்கக் கூடாது என்று நம் பாட்டிமார் அடித்துச் சொல்வார்கள். சகுனத் தடை என்பார்கள். கேட்டேயாக வேண்டுமானால், "தூரமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பதுண்டு. பாளையத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கம் வேறில்லை. ஒரு படைப்பிரிவு எப்போது கிளம்புகிறது, எந்த இரயிலில், எவ்வளவு பேர் என்பதெல்லாம் கேட்கத்தகாத கேள்விகள். நாம் அன்பினால்தான் கேட்கிறோம். வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுக்கலாமே என்றுதான் கேட்கிறோம். ஆனால் பதில் சொல்லாமல் நிற்கும் அந்த மனிதருக்கு எவ்வளவு சங்கடம்! அவர் சொல்லிவிட்டாலோ, அதைவிடச் சங்கடம். நாம் நம் தங்கைக்குச் சொல்வோம். தங்கை தன் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதுவாள். அங்கிருந்து அது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? 2020-ம் ஆண்டு ஜூலையில் தரைப்படை தன் வீரர்கள் அனைவரையும் 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடப் பணித்தது. முகநூலும் அப்பட்டியலில் இருந்தது. வீரர் தம் கைப்பேசியைத் துடைத்துக்கொண்டார். அவரைச் சுற்றியிருக்கும் நம் கைப்பேசிகளை யார் துடைப்பது?

போனவரைப் பற்றிப் பேசும்போது இருப்பவரையும் நினைக்க வேண்டும். 1999-ம் ஆண்டு கார்கில் போர் நடந்த வாரங்களில், எங்கள் வரிசையில் குடியிருந்த ஒரு பெண்மணியின் கணவர் மேலே சென்றிருந்தார். கைக்குழந்தையோடு அவர் தனியே இருந்தார். நாளொன்றுக்கு இருபது பேர் கதவைத் தட்டி, "செய்தி ஏதாவது வந்ததா?" என்று கேட்டார்கள். நாங்களும் கேட்டோம், நல்ல எண்ணத்தோடுதான். ஒவ்வொரு முறை கதவு தட்டப்படும்போதும் அவர் எப்படி நடுங்கியிருப்பார் என்பதை ஒருவரும் எண்ணவில்லை. கடைசி வீட்டுப் பஞ்சாபிப் பாட்டி ஒருவர்தான் கேள்வி எதுவும் கேட்காமல், ஒரு கூடைப் பட்டாணியைக் கொண்டுவந்து வாயிற்படியிலேயே உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். அந்தப் பெண்மணியும் அருகில் அமர்ந்து உரித்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் தட்டுவதை நிறுத்திவிட்டு நாங்களும் உரிக்கப் போனோம். கணவர் செப்டம்பரில் திரும்பி வந்தார். ஆனால் அந்தப் பட்டாணிப் பாட்டியிடம் நாங்கள் கற்றது அவர் திரும்பி வந்ததைப் பொறுத்ததன்று.

படம் எடுப்பது பற்றிச் செயலாளர் தனியே சொல்லச் சொன்னார். 2020 ஜூலை 29 அன்று பிரெஞ்சு நாட்டிலிருந்து முதல் ஐந்து ரஃபேல் விமானங்கள் நம் தளத்தில் வந்து இறங்கின. அன்று தளத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மொட்டை மாடியில் கூடுவதும் படம் எடுப்பதும் தடுக்கப்பட்டிருந்தன. நமக்கும் பார்க்க ஆசைதான், பெருமைதான். கண்ணால் பார்த்த பெருமை போதும். 1923-ம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம் தடை செய்யப்பட்ட இடங்களின் படத்தைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசுகிறது. பிறந்தநாளில் எடுத்த படத்தில் பின்னணியாக விழுந்த வேலியும் கோபுரமும்கூடப் படந்தான். திருமணங்களில் இப்போது ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறார்கள். பாளையத்தின் அருகே வீடோ மண்டபமோ பிடித்தவர்கள், அனுமதியின்றி அதைப் பறக்கவிடக் கூடாது என்று படம் எடுப்பவரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முகூர்த்த நேரத்தில் காவலர் வந்து நிற்பது மணமக்களுக்கு நன்றாயிராது.

விளக்கணைப்பு என்றால் இளையவர்களுக்கு அண்மைக்காலம் வரை கதையாகத்தான் இருந்தது. 1965-ம் ஆண்டுப் போரில் இவ்வூரின்மேல் குண்டு விழுந்தது. தூய பவுல் தேவாலயம் அன்று இடிந்து நின்ற நிலையிலேதான் இன்றும் நிற்கிறது. பழைய குடிகள் அதைக் காட்டிக் கதை சொல்வார்கள். 2025 மே மாதம் அக்கதை நம் வீட்டுக்கே வந்தது. மே 7-ம் நாள் நாடெங்கும் ஒத்திகை. அடுத்து வந்த இரவுகளில் அம்பாலா முழுவதும் இருட்டு.

அந்த இருட்டில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது எங்களுடையது. கோடை விடுமுறைக்கும் ஒரு கல்யாணத்துக்குமாக நாங்கள் தஞ்சாவூர் போயிருந்தோம். பால்கனியில், இருட்டினால் தானே ஏற்றிக்கொள்ளும் விளக்கு ஒன்று உண்டு. அதை இன்வெர்ட்டரில் இணைத்திருந்தோம். ஊர் முழுவதும் மின்சாரம் நின்றாலும் அது நிற்காது. அதற்காகத்தானே கெட்டிக்காரத்தனமாக அப்படி இணைத்தோம்! வரிசையில் உள்ளவர்கள் பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். கல்யாண மண்டபத்து நாயன ஓசையில் எங்களுக்குக் கேட்கவில்லை. சாவி யாரிடமும் கொடுக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு இளைஞர் தம் பால்கனியிலிருந்து சாய்ந்து, துடைப்பக் கழியால் அந்த விளக்கை உடைத்தார். இரண்டாம் மாடி, கும்மிருட்டு, கால் தவறியிருந்தால்? திரும்பி வந்ததும் அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார், விளக்கை உடைத்துவிட்டதற்காக! இப்போது எங்கள் சாவி ஒன்று எப்போதும் அவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஊருக்குப் போகிறவர்கள் அனைவரும் ஒரு சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு, இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டுப் போங்கள். முல்லைப்பாட்டுப் பாசறையில் விளக்கு அவிய அவிய, இடையில் வாள் கட்டிய மகளிர் அதை மீண்டும் ஏற்றிக்கொண்டே இருந்தார்களாம். நம் காலத்தில் அணைப்பதற்கு ஆள் வேண்டியிருக்கிறது.

பயிற்சித் திடலில் சிவப்புக் கொடி பறந்தால் அப்பக்கம் போகாதீர்கள். பீரங்கிப் பயிற்சி நடக்கும் நிலங்களுக்கென்று 1938-ம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. கொடி இறங்கிய பின்னும் அங்கே கிடக்கும் இரும்பையோ பித்தளையையோ தொடலாகாது. வெடிக்காமல் புதைந்த குண்டு பழைய இரும்பாகத்தான் தோன்றும். பிள்ளைகளே, உங்களுக்குத்தான் சொல்கிறோம்: காலால் உதைக்க வேண்டாம், கல்லை வீசிப் பார்க்க வேண்டாம்; வந்த வழியே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இனி, இன்று இம்மேடைக்கு வந்ததன் உண்மையான காரணத்துக்கு வருகிறோம். 2019-ம் ஆண்டு ஜூன் 27-ம் நாள் காலை, நம் தளத்திலிருந்து ஜாகுவார் விமானம் ஒன்று மேலெழும்பியது. எழும்பிய சற்று நேரத்திலேயே பறவைகள் மோதி, இரண்டு எஞ்சின்களில் ஒன்று செயலிழந்தது. விமானி எடையைக் குறைப்பதற்காக வெளிப்புற எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டு, ஒற்றை எஞ்சினோடு பத்திரமாக இறங்கினார். கழற்றிவிட்டவை பல்தேவ் நகர்ப் பகுதியில் விழுந்தன. உயிர்ச்சேதம் இல்லை. அவை விழுந்த இடத்துக்கும் சமையல் நடந்துகொண்டிருந்த வீடுகளுக்கும் இடையே இருந்த தூரத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

ஒரு பறவை விமானத்தை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். முக்கால் கிலோ எடையுள்ள ஒரு பருந்து. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றை 10 மீட்டர் உயரத்து மாடியிலிருந்து கீழே போட்டால் எவ்வளவு வலிமையோடு விழுமோ, ஏறத்தாழ அவ்வளவு. அது எஞ்சினின் மெல்லிய தகடுகளின்மீது, கண் இமைக்கும் நேரத்தில்.

அந்தப் பருந்து அங்கே ஏன் வந்தது? கீழே சோறு கிடந்ததால் வந்தது. விமானத்தளத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் விலங்கு அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் தடுக்கும் விதி, 1937-ம் ஆண்டு விமான விதிகளிலேயே இடம்பெற்றது. 2020-ம் ஆண்டில் விமானப்படையின் மூத்த அதிகாரி ஒருவர், நம் தளத்தைச் சுற்றிச் சேரும் குப்பையாலும் அதை நாடிவரும் பறவைகளாலும் விளையும் ஆபத்தைக் குறித்து மாநிலத் தலைமைச் செயலாளருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கடிதம் அரசுக்குத்தான், குப்பை யாருடையது?

சென்ற பொங்கல் விருந்தை நினைத்துப் பாருங்கள். நூற்றெண்பது இலை. வயிறார உண்டோம். இலைகளையும் மிச்சச் சோற்றையும் சாக்குகளில் கட்டி, காலையில் வண்டி வரும் என்று கூடத்துச் சுவரின் பின்னால் வைத்துவிட்டுப் போனோம். இரவில் நாய்கள் கிழித்துவிட்டன. காலையில் நாங்கள் ஆறு பேர் பாத்திரங்களை எடுக்க வந்தபோது, தலைக்கு மேல் நாற்பது ஐம்பது பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் விமானப்படை வாரண்ட் அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கண்டிக்கப்போகிறார் என்று நினைத்தோம். அவர் கைகூப்பி, "உங்கள் பண்டிகை நல்லபடியாக நடந்ததா?" என்று முதலில் கேட்டார். நடந்தது என்றோம். பிறகுதான் அண்ணாந்து பார்த்தார். "இதைக் கொஞ்சம் சீக்கிரம் அப்புறப்படுத்த முடியுமா?" என்றார். எத்தனை மணிக்குள் என்று கேட்டோம். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. "சீக்கிரம்" என்றார் மறுபடியும். பின்பு சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரும் ஒரு சாக்கைத் தூக்கினார். சாம்பாரும் மோரும் அந்த நீலச் சீருடையில் வழிந்தன. கடைசிச் சாக்கு வண்டியில் ஏறிய சிறிது நேரத்துக்கெல்லாம் மேலே இரைச்சல் கேட்டது. நாங்கள் ஆறு பேரும் பேசாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காக்கைக்குச் சோறு வைக்காமல் உண்ணலாகாது என்று வளர்ந்தவர்கள் நாம். அமாவாசையன்று அதை விடச் சொல்ல எங்களுக்கு நாவு எழாது. இதைப் பற்றி எங்கள் வீட்டில் மூத்தவர்களிடமே கேட்டோம். எங்கள் அத்தை சொன்ன தீர்ப்பு இது: "முன்னோருக்கு ஒரு பிடி போதும், அண்டாக் கணக்கில் அவர்கள் கேட்கவில்லை." ஆகவே ஒரு பிடி வைத்து, அது உண்ணும்வரை நின்று, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட்டு உள்ளே போகிறோம். மொட்டை மாடியில் பழஞ்சோற்றைக் கொட்டுவதும், வடாம் காயவைத்துவிட்டு மறப்பதும் வேறு சங்கதி. அதில் முன்னோருக்குப் பங்கில்லை. பட்டம் விடும் பருவத்தில் பிள்ளைகளும் தளத்தின் பக்கம் போக வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது, சமையற்கூடத்திலிருந்து செயலாளர் சாடை காட்டுகிறார். இன்றைய விருந்துக்கு இருநூற்றிருபது இலை வந்திருக்கிறது. கூடத்தின் பின்புறம் மூடியுள்ள பீப்பாய்கள் நான்கு வைத்திருக்கிறோம். இலையை மடித்துவிட்டு எழுந்து போவதுதான் நம் வழக்கம். எச்சில் இலையை விருந்தினர் எடுப்பது முறையன்று என்பதும் அறிவோம். இன்று அந்த வழக்கத்தைச் சற்றே தள்ளி வைத்து, அவரவர் இலையை அவரவரே எடுத்துப் பீப்பாயில் போட்டு மூடியை அழுத்த வேண்டுகிறோம். முதியவர்களுடைய இலையை எடுக்க இளைஞர் நால்வர் நிற்பார்கள். கடைசிப் பந்தி முடிந்ததும் வண்டி வந்துவிடும். இம்முறை இரவே வரும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். அந்த வாரண்ட் அதிகாரியும் குடும்பத்தோடு வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்; அவருக்குச் சற்றுக் கூடுதலாகவே சாம்பார் பரிமாறுங்கள், இலையில்.

பிள்ளைகளே, முதற் பந்திக்கு நீங்கள் எழுந்திருக்கலாம்.